காஷான் மாளிகையில் ஒரு நீலக் கயிறு

பயந்தவன் ஓடிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பயந்தவன் உட்கார்ந்து ரிப்பேர் பண்ண ஆரம்பித்தால்தான் ஆபத்து. நான் இரண்டாவது ரகம். அதனால்தான் சேலையூரில் எங்கள் வீட்டு ஸ்க்ரூடிரைவர் எங்கே இருக்கிறது என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இந்த நிலைமை ஈரானில் ஆரம்பித்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் மறைமலை நகரில் ஒரு விளக்குத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர். விளக்கு என்றால் காரின் பின்பக்கம் சிவப்பாக எரியுமே, அது. ஈரானில் காஷான் என்ற ஊரில் இருக்கும் ஒரு கார் தொழிற்சாலைக்கு சாம்பிள் கொண்டுபோய்க் காட்டி ஆர்டர் வாங்கி வர ஆள் வேண்டும் என்று மேனேஜர் மீட்டிங்கில் கேட்டிருக்கிறார். ஒருவருக்கு மனைவி மாசமாக இருந்தாள். ஒருவருக்கு பாஸ்போர்ட் காலாவதி. ஒருவருக்கு அந்த நிமிஷத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. நான் பாத்ரூம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள்.

என்னோடு வந்தவன் தில்லிபாபு. கோவளத்து மீனவக் குடும்பம். எங்கள் கம்பெனியில் ஃபிட்டர். கையில் ஒரு அரம் கொடுத்தால் இரும்பை வெண்ணெயாக்குவான். ஏழு வருஷமாக கான்ட்ராக்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். "ஆர்டரோட வா, பர்மனென்ட் லெட்டர் ரெடியா இருக்கும்" என்று மேனேஜர் அவனிடம் சொல்லியிருந்தார். பெண் வீட்டில் "மாப்ள பர்மனென்ட் ஆவட்டும், அப்பால தேதி வெச்சிக்கலாம்" என்று நாலு முகூர்த்தத்தைத் தள்ளிவிட்டிருந்தார்கள். ஆக, இந்தப் பயணத்தில் எனக்குப் போனால் ஒரு வாரம். அவனுக்குப் போனால் கல்யாணம்.

விமான நிலையத்தில் என் மனைவி கிரேஸ் (ஸ்கூல் டீச்சர், அந்தத் தொனி வீட்டிலும் உண்டு) தில்லிபாபுவின் பெட்டியைப் பார்த்தாள். பூட்டு கெட்டுப்போன பெட்டி. நீல நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தான்.

"இது என்ன தம்பி, இவ்ளோ தடியா?"

"படகு கட்ற கயிறுக்கா. புயலே வந்தாலும் அறுவாது."

"நல்லதாப் போச்சு. ஏங்க, ஓட்டல்ல துணிய துவைக்கப் போடாதீங்க. எவனோட துணியோட சேத்து ஊற வைப்பானோ. நீங்களே அலசி இந்தக் கயித்துல காயப் போட்டுக்கோங்க."

விதி நீல நிறத்தில் என் எதிரே சுருண்டு கிடந்தது. நான் தலையாட்டினேன்.

காஷானில் எங்களை வரவேற்றவர் ஃபர்ஹாத். வாடிக்கையாளர் கம்பெனியில் கொள்முதலுக்கு அவர்தான் எல்லாம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆர்டர். பன்னீர் எடுக்கும் பருவம் என்பதால் ஊரில் எல்லா ஓட்டலும் நிரம்பியிருந்தது. "கவலை வேண்டாம். என் அத்தை எங்கள் பழைய குடும்ப வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார். ஒன்பது அறைதான். அங்கே தங்குங்கள்" என்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு உமி குடோன். மண் பூசிய நெடுஞ்சுவர். தெருப்பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

"இன்னாண்ணா, நம்மள குடோன்ல போட்டு பூட்டப் போறாங்களா?" என்றான் தில்லிபாபு.

இருட்டான நடை ஒன்று வளைந்து வளைந்து போனது. அதன் முடிவில் திடீரென்று ஒரு முற்றம் திறந்தது. நீளமான குளம், இரண்டு பக்கமும் மாதுளைச் செடி, சுற்றி நாலு பக்கமும் அறைகள். சுவரில் சுண்ணாம்பில் செதுக்கிய கொடியும் பூவும் பறவையும். பூவுக்கு நடுவே கண்ணாடிச் சில்லுகள். தில்லிபாபு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

அத்தையின் பெயர் மெஹ்ரி. எல்லோரும் 'கானும்' என்று மரியாதையோடு அழைத்தார்கள். நம்ம ஊர் 'அம்மா' மாதிரி. எழுபதை நெருங்கிய, நிமிர்ந்த மனுஷி. நிதானமாக ஆங்கிலம் பேசினார். முதல் வேலையாகச் சிரித்துக்கொண்டே எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். கிளம்பும்வரை அது ஓட்டலில்தான் இருக்குமாம், அங்கே அதுதான் வழக்கம்.

பிறகு எங்கள் அறையைக் காட்டினார். மாளிகையிலேயே பெரிய அறை. ஒரு சுவர் முழுக்க மர ஜன்னல். கதவு மாதிரித் திறக்காது. பலகையை மேலே தூக்க வேண்டும். மரச் சட்டங்களை நட்சத்திரமும் சாய்சதுரமுமாகக் கோர்த்து, கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று கண்ணாடி.

"இந்த வீடு முப்பது வருஷம் பூட்டிக் கிடந்தது. கண்ணாடியெல்லாம் போய்விட்டது. ஊரில் எங்கே பழைய வீடு இடித்தாலும் ஓடிப்போய் ஒன்றிரண்டு கண்ணாடி வாங்கி வருவேன். இந்த ஜன்னல் நிறைய ஒன்பது வருஷம் ஆனது" என்றார் கானும். பிறகு நடுவிலிருந்த உள்ளங்கை அகலச் சிவப்புக் கண்ணாடியைத் தொடாமல், விரலால் காட்டினார். "இது மட்டும் வாங்கியது அல்ல. முதல் நாளிலிருந்து இங்கேயே இருப்பது. பூகம்பத்தைத் தாங்கியது. என் மூன்று தம்பிகளைத் தாங்கியது."

நாங்கள் தங்கப்போவது இரண்டே நாள். அதுவரை தாங்காதா என்ன?

மறுநாள் கார் தொழிற்சாலையில் முதல் சுற்றுப் பேச்சு. மதியச் சாப்பாட்டில் வால்நட் அரைத்து மாதுளைச் சாறு விட்ட ஒரு கறிக்குழம்பு. ஃபர்ஹாத் மூன்றாவது தடவை பரிமாற வந்தபோது, கல்யாண வீட்டுப் பந்தி ஞாபகத்தில் இரண்டு கையாலும் தட்டை மறைத்து "போதும் போதும்" என்றேன். இலையை மறைத்தால் நம்ம ஊரில் பரிமாறுபவர் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அவர் என் கைக்கு ஏதோ அடிபட்டுவிட்டதென்று பதறிக் குனிந்தார். கரண்டி என் மடியில் கவிழ்ந்தது. மறுநாள்தான் சாம்பிள் பரிசோதனை, பெரிய அதிகாரிகளெல்லாம் வருவார்கள். என்னிடம் இருந்த ஒரே நல்ல பேன்ட் அது.

நாலு மணிக்கு அறைக்கு வந்ததும் பேன்ட்டை அலசினேன். துவைக்க உட்கார்ந்தால் நான் ஒன்றோடு நிறுத்துகிறவன் அல்ல. மூன்று சட்டை, ஒரு போர்வை மாதிரியான துண்டு, தில்லிபாபுவின் ஜீன்ஸ் எல்லாம் ஊறி எழுந்தன. காயப் போட இடமில்லை. பழைய சுவர் என்பதால் அறையில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. எனவே நீலக் கயிறு வந்தது. ஒரு முனையைக் கதவின் இரும்பு வளையத்தில் கட்டினேன். மறுமுனையை? ஜன்னல் பலகையைத் தூக்குவதற்கு ஒரு அழகான மரக் குமிழ் இருந்தது.

(படித்தவன்தான். பி.இ., மெக்கானிக்கல்.)

துணியைப் போட்டதும் கயிறு தொய்ந்தது. ஜீன்ஸின் கால் தரையைத் தொட்டுச் சொட்டச் சொட்டத் தண்ணீர் கம்பளத்தில் இறங்கியது. கையால் நெய்த கம்பளம்!

"டேய், கம்பளம் நனையுது! இழு! கயித்த இழுடா!"

கோவளத்தில் வளர்ந்தவனிடம் கயிற்றைக் கொடுத்து 'இழு' என்று சொல்லக்கூடாது. தில்லிபாபு குதிகாலைத் தரையில் ஊன்றி, தோளில் கயிற்றைப் போட்டு, கரைவலை இழுப்பதுபோல் ஒரே இழு. கயிறு அறுந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அது படகுக் கயிறு; அறுவதாவது! ஜன்னல் பலகை ஒரு துள்ளு துள்ளி 'டக்' என்று உட்கார்ந்தது. அப்புறம் மெல்ல, ஸ்பூன் விழுந்த மாதிரி, 'ணிங்' என்று ஒரு சத்தம்.

ஜன்னலில் நூற்றுக்கணக்கான கண்ணாடி இருந்தது. விழுந்தது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அறையில் கம்பளம் இல்லாத இடம் ஜன்னலை ஒட்டி ஒரு ஜாண் கல் தரைதான். அந்த ஒரு ஜாணைத் தேடிப்போய் விழுந்து ஏழு துண்டாகியிருந்தது. ஜன்னலின் நடுவில் ஒரு சாய்சதுர ஓட்டை. அதன் வழியாக முற்றத்தில் கானும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது தெரிந்தது. நான் படாரென்று கீழே உட்கார்ந்தேன்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் என் மனதில் ஓடியதை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கு மூச்சு வாங்கும். பாஸ்போர்ட் டிராயரில். ஆர்டர் அவர் மருமகன் கையில். தொன்மைச் சின்னத்தைச் சேதப்படுத்திய வெளிநாட்டவர். நீதிமன்றம். பாரசீக மொழியில் தீர்ப்பு; எனக்குப் புரியாது, மேல்முறையீடு செய்யவா நன்றி சொல்லவா என்றுகூடத் தெரியாது. சேலையூர் சர்ச்சில் எனக்காக விசேஷ ஜெபம். முதல் வரிசையில் கிரேஸ், 'நான் துணிதானே துவைக்கச் சொன்னேன்' என்ற முகத்தோடு.

"ண்ணா, போய் சொல்லிடலாம்ணா" என்றான் தில்லிபாபு.

"பைத்தியமா நீ? ஆர்டர் போய்டும். உன் பர்மனென்ட் போய்டும்."

"போனா போவுது. அந்தம்மா மொகத்த பாத்தியா? நேத்து அந்தக் கண்ணாடிய தொடாம காமிச்சாங்கோ, பாத்தல்ல?"

"நான் வீட்டுக்குப் பேசிட்டு வரேன். அதுவரைக்கும் யார் தட்டினாலும் கதவத் திறக்காத."

தினமும் ஆறு மணிக்குக் கிரேஸிடம் பேசுவதாக ஏற்பாடு. போன் வரவேற்பு மேஜையில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் கானும் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பை இறக்கி வைக்க இடம் தெரியாமல் அப்படியே பேசினேன்.

"ஏன் சிரிச்சிக்கிட்டே பேசுறீங்க?" என்றாள் கிரேஸ், நாலாவது வார்த்தையில். "என்னத்த ஒடைச்சீங்க?"

"ஒண்ணுமில்லயே. சின்னதா... ஒரு ஜன்னல்ல..."

"போய்ச் சொல்லிடுங்க."

"அவங்க பக்கத்துலதான் இருக்காங்க."

"அப்ப இப்பவே சொல்லுங்க."

"ஹலோ? ஹலோ? சிக்னல் சரியில்ல கிரேஸ்."

"லேண்ட்லைன்ல என்னங்க சிக்னல்?"

வைத்துவிட்டேன். "குடும்பம் நலமா?" என்று கேட்டு, கானும் ஒரு தட்டு நிறைய ரோஜா வாசம் வீசும் மிட்டாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொல் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். எனவே ரிப்பேர் பண்ணத் தீர்மானித்தேன்.

சாம்பிள் பெட்டியில் நாலு விளக்குகள் இருந்தன. நாலும் சிவப்பு. அதுவும் நல்ல ரத்தச் சிவப்பு. ஒன்றை எடுத்து ஓட்டைக்கு நேராகப் பிடித்தேன். நானே என்னை மெச்சிக்கொண்ட கடைசித் தருணம் அது.

"ண்ணா, இது பிளாஸ்டிக்குண்ணா. கார் பின்னாடி மாட்றது. அத்தப் போய் இம்மாம் பெரிய வூட்ல..."

"உனக்குக் கல்யாணம் ஆகணுமா வேணாமா?"

அவன் தன் பெட்டியிலிருந்து ரம்பத்தையும் அரத்தையும் எடுத்தான். முகத்தை என் பக்கம் திருப்பாமலே பாத்ரூமுக்குள் போனான். வெட்டும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க நான் குழாயைத் திறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடியது. அப்போது கதவு தட்டப்பட்டது. என் உயிர் எழுந்து நின்றது. கதவை ஒரு விரல் அகலம் திறந்தேன்.

கானும். கையில் தட்டு, அதில் இரண்டு கோப்பை டீ, உள்ளே மஞ்சள் கற்கண்டு.

"வயிறு சரியில்லையா? ரொம்ப நேரமாகத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. இதைக் குடித்தால் சரியாகிவிடும்" என்றார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாங்கினேன். அந்த நேரத்தில் அது நடிப்பும் அல்ல.

தில்லிபாபு வெட்டியெடுத்த துண்டு, சட்டத்தில் கண்ணாடி செருகும் காடிப் பள்ளத்தில் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் உட்கார்ந்தது. சாயங்கால வெளிச்சத்தில் அதற்கும் மற்ற கண்ணாடிக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. உடைந்த துண்டுகளை மாதுளைச் செடி அடியில் புதைத்துவிடச் சொன்னேன். சரி என்று ஒரு சாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டான். அன்று ராத்திரி பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் எனக்குத் தெரிந்த சங்கீதமெல்லாம் முடிந்து, தெரியாததையும் சொல்லிப் பார்த்தேன்.

காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எங்களை அழைத்துப்போக வந்த ஃபர்ஹாத்தும், கூடவே டீத் தட்டோடு கானும். இந்த அறையில் தங்குபவர்களோடு ஒரு காலையாவது உட்கார்ந்து டீ குடிப்பது அவர் வழக்கமாம். ஏனென்றால் எட்டு மணிக்குத்தான் அந்த ஜன்னலில் வெயில் இறங்கும்.

வெயிலை நான் யோசிக்கவே இல்லை. விளக்குக் கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்தவன், வெளிச்சம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துபோயிருந்தேன்.

இறங்கியது. எதிர்ச் சுவரிலும் கம்பளத்திலும் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பூக்கள் மலர்ந்தன. எல்லாம் மங்கலாக, மிருதுவாக, வயசான கண்ணாடிக்கே உரிய அடக்கத்தோடு. நடுவில் மட்டும் ஒன்று, பிரேக் போட்ட லாரி மாதிரி, பளீரென்று எரிந்தது. வெறும் சிவப்பு அல்ல. பின்னால் வருகிற வண்டிக்குத் தெரிய வேண்டுமென்று நாங்கள் போடுகிற தேன்கூட்டுப் புள்ளிகள் அத்தனையும் சுவரில். புள்ளிகளுக்கு நடுவே வட்டமாக எங்கள் கம்பெனி முத்திரை. பக்கத்தில், 'இந்தப் பக்கம் மேலே' என்பதற்கான அம்புக்குறி. அம்பு கீழே பார்த்தது. தலைகீழாக மாட்டியிருக்கிறோம் என்பதைத் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர் என்ற முறையில் உடனே கவனித்தேன்.

கானும் தட்டை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் பாய்ந்துபோய்ச் சுவருக்கு முன்னால் நின்றேன்.

"உட்காருங்கள்" என்றார் ஃபர்ஹாத்.

"பரவாயில்லை. நின்றுகொண்டே டீ குடிப்பது எங்கள் ஊர்ப் பழக்கம்."

வெயில் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். அரை அங்குலம் இடது. அரை அங்குலம் கீழே. முழங்காலை மடக்கி, டீக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, சிலுவைப்பாதை நாடகத்தில் வசனம் இல்லாத பாத்திரம்போல் நின்றேன்.

"ண்ணா" என்று தில்லிபாபு முணுமுணுத்தான்.

"சும்மா இரு."

"ண்ணா, உன் நெஞ்சுல நம்ம கம்பெனி பேரு தெர்துண்ணா."

குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை. சுவரைவிட நல்ல திரை. முத்திரை, புள்ளி, அம்பு எல்லாம் என் இதயத்துக்கு நேர்மேலே பதக்கம் குத்திய மாதிரி.

ஃபர்ஹாத் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் விளக்கின் வரைபடத்தை ஆறு மாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷர். என் சட்டையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி சட்டை.

"இது எங்கள் காரின் விளக்கு அல்லவா?"

கானும் எழுந்து ஜன்னலருகே போனார். அந்தத் துண்டை விரலால் தொட்டார். நான் விவரிக்க ஆரம்பித்தேன். குழம்பு, பேன்ட், கயிறு, கம்பளம், கோவளம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். முடிக்கும்போதுதான், அவ்வளவையும் தமிழில் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

தில்லிபாபு எழுந்தான். பையிலிருந்து சாக்ஸை எடுத்து, ஏழு துண்டுகளையும் டீத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்தான்.

"பொதைக்கச் சொன்னேனேடா" என்றேன்.

"ஒருத்தங்க வூட்டுப் பொருள எப்டிண்ணா பொதைக்கிறது?"

கானும் துண்டுகளை எண்ணினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி ரொம்ப நேரம் நின்றார். ஒரு கை முகத்துக்குப் போய் வந்தது. நான் அந்த அறையில் பட்ட பயங்களிலேயே பெரியது அதுதான். ஜெயிலைப் பற்றியது அல்ல. அவர் திரும்பி ஃபர்ஹாத்திடம் பாரசீகத்தில் ஏதோ கேட்டார்.

"இதை வெட்டியது யார் என்று கேட்கிறார்" என்றார் ஃபர்ஹாத்.

என் விரல் எழுந்து தில்லிபாபுவைக் காட்டியது. நான் அதைத் தூக்கவில்லை. சத்தியமாக அது தானாகவே எழுந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த விரலால் யாரையும் சுட்டிக்காட்ட எனக்குக் கூச்சம்.

கானும் அவனருகே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவன் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்கே மூன்று தச்சர்களை வைத்துப் பார்த்தேன். இடைவெளி இல்லாமல் ஒருவராலும் இந்தக் காடியில் ஒரு துண்டைப் பொருத்த முடியவில்லை. பின்கட்டில் இன்னும் இரண்டு ஜன்னல் கண்ணாடி இல்லாமல் நிற்கிறது" என்றார். என் விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

'பரவாயில்லை' என்று அவர் சொல்லவே இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு துண்டையும் ஒட்டித் திரும்ப மாட்டும்வரை பாஸ்போர்ட் டிராயரில்தான் இருக்கும் என்றார், அதே சிரிப்போடு. தில்லிபாபு மூன்று நாள் உட்கார்ந்து ஒட்டினான். பின்கட்டு ஜன்னல் ஒன்றையும் முடித்தான். எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். பஞ்சையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொடுத்து, பெரிய ஜன்னலில் மீதியிருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கச் சொன்னார். என்னை நம்பி அல்ல. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தொழிற்சாலைக்கு மூன்று சாம்பிள்தான் போனது. நாலாவது எங்கே என்று ஒரு அதிகாரி கேட்டதற்கு ஃபர்ஹாத் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "அது ஏற்கெனவே வெயிலில் சோதிக்கப்பட்டுவிட்டது. நிறம், முத்திரை இரண்டும் தெளிவு" என்றார்.

ஆறு மாசத்துக்கான ஒரு சோதனை ஆர்டர் வந்தது. தில்லிபாபுவுக்கு பர்மனென்ட் வந்தது. கோவளத்தில் கல்யாணத்தன்று வாசலில் தெளித்த பன்னீர், காஷானிலிருந்து கானும் அனுப்பியது. அதற்குப் பிறகு அவர் அழைத்து அவன் இரண்டு தடவை அங்கே போய்விட்டு வந்தான். என்னை யாரும் அழைக்கவில்லை. ஒட்டிய கோடு தெரிந்தாலும் அந்தச் சிவப்புக் கண்ணாடி பழைய இடத்திலேயே இருக்கிறதாம். எங்கள் விளக்குத் துண்டைக் கானும் வீசவில்லை. அந்த அறையின் பாத்ரூம் வென்டிலேட்டரில் மாட்டியிருக்கிறார். அம்பு இன்னும் கீழேதான் பார்க்கிறது என்றான் தில்லிபாபு.

அவன் செய்த ஒரே துரோகம், ஊருக்கு வந்ததும் கிரேஸிடம் நடித்துக் காட்டியதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விசாரணை என்ற ஒன்றே கிடையாது. யார் எதை மறைத்தாலும் கிரேஸ் பால்கனிக் கதவைத் திறந்து, "கொஞ்சம் வெயில்ல வந்து நில்லுங்க" என்பாள். மகளின் மார்க் ஷீட், மகனின் முதல் சிகரெட் எல்லாம் அப்படித்தான் வெளியே வந்தன.

போன மாசம் டாக்டர் எனக்குச் சர்க்கரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலை கேம்ப் ரோடு பக்கம் நடந்துவிட்டு, எதுவும் நடக்காத முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். கிரேஸ் பால்கனியில், தில்லிபாபு எங்களுக்கே கொடுத்துவிட்ட, இன்றுவரை அறாத அந்த நீலக் கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு புடவையை மட்டும் ஒதுக்கி வழி விட்டாள்.

"வாங்க. இப்படி வெயில்ல வந்து நில்லுங்க."

"அப்பா, அம்பு மேல பாக்குதா, கீழ பாக்குதா?" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஆதாரமும் இல்லை என்ற தைரியத்தில் நெஞ்சை நிமிர்த்திப் போய் நின்றேன். நின்ற பிறகுதான் குனிந்து சட்டையைப் பார்த்தேன்.

ஜாங்கிரி ஜீரா. வெள்ளைச் சட்டையில், இதயத்துக்கு நேர்மேலே.